வந்து போகும் கையும் விடாது பிடிக்கும் கையும்



செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அப்படியே ஆகட்டும். அவருடைய மகள் தாதியாகப் படித்துத் தேறி, நான்கு ஆண்டுகளாக மருத்துவமனையில் வேலை செய்கிறாள். இப்போது, "வங்காளதேசத்தில் இருக்கும் அகதிகள் முகாமுக்குத் தொண்டு செய்யப் போகிறேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறாளாம்.

"அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடப் போகிறாள் என்றால் எனக்குப் புரியும். இவளோ இனிப்பு நீர்க்காரர்களையும் ரத்தக் கொதிப்புக்காரர்களையும் பார்க்கப் போகிறேன் என்கிறாள். அந்த நோய் நம் லயத்திலேயே வீட்டுக்கு வீடு இருக்கிறதே! அதற்காக அவ்வளவு தூரம் போவானேன்?" என்பது அந்தத் தாயின் முதல் கேள்வி. "அப்படிப் போய்த்தான் ஆவாள் என்றால், தோட்டத்தில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளை எல்லாம் சேர்த்துக் கொடுத்து அனுப்பலாமா?" என்பது இரண்டாவது கேள்வி.

இரண்டும் நல்ல கேள்விகள். இந்தத் தாய்க்கு மட்டும் பதில் எழுதிப் போட்டுவிடாமல், உங்கள் எல்லோரோடும் சேர்ந்து பேச வேண்டிய விஷயம் என்று பட்டது. அதனால் இந்த இதழில் வேறு எதுவும் இல்லை, இது ஒன்றுதான்.

ஓடி வந்தவர்களோடு நோயும் வந்தது

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில், மியன்மாரின் ராக்கைன் மாநிலத்தில் ரோஹிங்யா மக்களின் கிராமங்கள் எரிந்தன. சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி, வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன்பே வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். குன்றுகளை வெட்டி, மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு குடிசை போட்டார்கள். குட்டுபாலோங் என்ற அந்த இடம் உலகத்திலேயே மிகப் பெரிய அகதிக் குடியிருப்பாகிவிட்டது. இன்று அந்த வட்டாரத்து முகாம்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள்.

முதல் மாதங்களில் உலகத்தின் கண்ணுக்குப் பட்டது காயமும் தொற்று நோயும்தான். தட்டம்மை வந்தது, தொண்டை அடைப்பான் வந்தது, தடுப்பூசி போட்டார்கள். நம் நாடும் சும்மா இருக்கவில்லை. 2017 டிசம்பரில் மலேசியக் கள மருத்துவமனை அங்கே திறக்கப்பட்டது. நம் டாக்டர்களும் தாதிகளும் போனார்கள். பெருமைப்பட வேண்டிய செய்தி.

ஆனால் எண்ணிப் பாருங்கள். ஏழு லட்சம் பேர் ஓடி வந்தால், அதில் கிழவன் கிழவி இருக்க மாட்டார்களா? இனிப்பு நீர்க்காரர், இழுப்பு நோய்க்காரர், வலிப்புக்காரப் பிள்ளை, இருதயம் பலவீனமானவர் இருக்க மாட்டார்களா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள் பிள்ளையைத் தூக்குவாளா, மாத்திரைப் பையைத் தேடுவாளா? வந்து சேர்ந்தவர்களிடம் மருந்துச் சீட்டு இல்லை. கிளினிக் புத்தகம் இல்லை. என்ன மாத்திரை தின்றோம் என்று பெயர் சொல்லவும் தெரியவில்லை. "வெள்ளையாக, வட்டமாக இருக்கும்" என்றால் எந்த டாக்டருக்குத்தான் புரியும்?

கால் முறிந்தால் கட்டுப் போடலாம். கூடியதும் கட்டைப் பிரிக்கலாம். அறுவை செய்தால் தையலைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பலாம். இந்த நோய்களுக்கு மட்டும் "முடிந்தது, போய் வா" என்ற வார்த்தையே கிடையாது. இன்சுலினையே நம்பி வாழும் ஒரு பிள்ளைக்கு அது அடியோடு நின்றுவிட்டால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. ரத்தக் கொதிப்போ சத்தம் போடாது. மாத்திரை நின்ற ஒரு மாதம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் மாதமும் தெரியாது. ஒரு நாள் காலையில் வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்துவிடும். பேரிடர் நடந்த இடங்களில் பக்கவாதமும் மாரடைப்பும் இரண்டு மூன்று மடங்கு வரை கூடுவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. துப்பாக்கிக்குத் தப்பியவனை மாத்திரை இல்லாமை வீழ்த்துகிறது.

ஆகவே, அம்மா, தங்கள் மகள் தேவையில்லாத இடத்துக்குப் போக நினைக்கவில்லை. பலர் பார்க்காமல் விட்ட இடத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

கதவைத் தட்டுகிறவர்கள்

அப்படியானால் அந்த முகாம்களில் இந்த நோயாளிகளைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் யார்? வெளிநாட்டு டாக்டர்களா? அவர்களும்தான். ஆனால் தினமும் கதவைத் தட்டுகிறவர்கள் அந்த அகதிகளிலேயே பயிற்சி பெற்ற ஆண்களும் பெண்களும்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா சுகாதாரத் தொண்டர்கள் அங்கே குடிசை குடிசையாக ஏறி இறங்குகிறார்கள். அகதிகளுக்கு அங்கே முறையாக வேலை செய்ய அனுமதி இல்லை. அதனால் அவர்களுக்குப் பெயர் 'தொண்டர்'. கையில் கிடைப்பது சம்பளம் அல்ல, சிறிய ஊக்கத்தொகை.

அவர்கள் செய்வது என்ன? பெரிய வித்தை ஒன்றுமில்லை. ரத்தக் கொதிப்புக்காரர் யார், இனிப்பு நீர்க்காரர் யார் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். மாத்திரை எத்தனை மீதி என்று கேட்கிறார்கள். காலில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கிளினிக் போக வேண்டிய நாளை நினைவூட்டுகிறார்கள். போகாதவரிடம் ஏன் போகவில்லை என்று பொறுமையாகக் கேட்கிறார்கள்.

இந்த 'ஏன்' என்ற கேள்விக்குத்தான் விலை மதிப்பே இல்லை. ஒரு பாட்டி, மேட்டில் ஏற முடியவில்லை என்பாள். ஒருத்தி, துணைக்கு ஆள் இல்லாமல் வெளியே வரமாட்டேன் என்பாள். மாத்திரை தீர்ந்துபோகுமே என்று பயந்து பாதி பாதியாக உடைத்துத் தின்பவர் இருப்பார். "உடம்பு சுகமாகிவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன்" என்பவரும் இருப்பார். இதையெல்லாம் வெளியூர்த் தாதியிடம் சொல்வார்களா? அவளுக்கு மொழி தெரியாது. அந்தப் பெண்கள் அந்நியர் முன் முகம் காட்டவும் கூசுவார்கள். பக்கத்துக் குடிசைப் பெண் வந்து உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று சூரியனையும் நிலவையும் காட்டிச் சொல்லிக் கொடுக்கவும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தையும் பாருங்கள். "சோற்றைக் குறை, காய்கறி தின்னு" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். உதவி அரிசியை நம்பி வாழ்கிறவருக்குச் சோற்றைக் குறைத்தால் வேறு என்ன இருக்கிறது? 2023ஆம் ஆண்டில் பணத் தட்டுப்பாட்டால் அந்த மக்களுக்கான உணவு உதவி, ஆளுக்கு மாதம் 12 அமெரிக்க டாலரிலிருந்து 10 ஆகவும், பிறகு 8 ஆகவும் குறைந்தது. அடுத்த ஆண்டு மறுபடி உயர்த்தினார்கள். அந்த நாட்களில் ஓர் இனிப்பு நீர்க்காரரிடம் புத்தகத்தில் உள்ளதை ஒப்பித்துப் பயனில்லை. இருப்பதை எப்படிப் பங்கிட்டு உண்பது, ஊசிக்குப் பிறகு பட்டினி கிடந்தால் என்ன ஆபத்து என்று அவருடைய அடுப்பைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

2021 மார்ச் 22ஆம் தேதி அந்த முகாமில் பெருந்தீ பிடித்தது. ஏறக்குறைய பத்தாயிரம் குடிசைகள் சாம்பலாயின. 45 ஆயிரம் பேர் வரை மறுபடியும் வீடிழந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் மாத்திரையும் எரிகிறது, சீட்டும் எரிகிறது. எரியாமல் நிற்பது எது? யார் வீட்டில் என்ன நோய் என்று தெரிந்து வைத்திருக்கும் அந்தத் தொண்டரின் மனசுதான்.

மண்பானை சொன்ன பாடம்

இன்சுலினைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மின்சாரமே இல்லாத குடிசையில் குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது? இந்தச் சங்கடம் வங்காளதேசத்துக்கு மட்டும் உரியது அல்ல. வெயில் கொளுத்தும் எல்லா முகாம்களிலும் இதே கதைதான். அதற்கு ஒரு வழி பிறந்தது ஆப்பிரிக்காவில். அதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் கென்யா வரை போய் வருவோம்.

கென்யாவின் வடகிழக்கில் டாடாப் என்ற இடத்தில், சோமாலிய அகதிகள் வாழும் டாகாஹாலே முகாம் இருக்கிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே மருத்துவமனை நடத்தியது. வீட்டில் மருந்து வைக்க முடியாததால் நோயாளிகள் ஊசிக்காகவே தினமும் மருத்துவமனைக்கு நடந்தார்கள். வேலை போயிற்று, பிள்ளைகளைப் பார்ப்பது போயிற்று. பலர் அலுத்துப்போய் நிறுத்தினார்கள். அந்தக் குடிசைகளில் வெப்பம் இரவில் 25, பகலில் 37 என்று ஏறி இறங்குவதை அளந்தார்கள். ஜெனீவா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதே வெப்பத்தில் இன்சுலினை வைத்துச் சோதித்தார்கள். நான்கு வாரம் வரை மருந்தின் சக்தி கெடவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். அதனால் நோயாளி மருந்தை வீட்டுக்கே எடுத்துப்போகலாம் என்றாயிற்று. நீர் கசியும் மண்பானை இன்னும் குளுமை தரும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதானே! அதே பானை பல வெப்ப நாடுகளில் இன்சுலினுக்கும் காவலாக இருக்கிறது.

(இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு இன்சுலினை ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள்! நீங்கள் உங்கள் கிளினிக்கில் சொன்னபடியே செய்யுங்கள்.)

மருந்து வீட்டுக்கு வந்தால் மட்டும் போதுமா? எவ்வளவு ஏற்றுவது, மயக்கம் வந்தால் என்ன செய்வது, ஊசியை எங்கே போடுவது என்று ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். மறுபடி மறுபடி வந்து பார்க்க வேண்டும். விஞ்ஞானம் ஒரு வாசலைத் திறந்தது. அந்த வாசல் வழியே நோயாளியைக் கைப்பிடித்து அழைத்துப் போவது மனிதர்கள்தான்.

நமக்குத் தெரியாத விஷயமா இது?

தோட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் காலத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். மலேரியா மக்களை வாரிக்கொண்டு போன காலத்தில், கொயினா மருந்தைப் பெரட்டுக் களத்திலேயே கையில் கொடுத்து, கண் முன்னால் விழுங்கச் சொன்னார்கள். டாக்டர் எப்போதோ வருவார், போவார். லயத்தைச் சுற்றி வந்தவர் டிரெஸர். யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று அறிந்தவர் அவர்தான். ஆயாக் கொட்டகையில் இருந்த அம்மாவுக்குப் பிள்ளையின் முகம் வாடினாலே தெரிந்துவிடும். குறைகள் ஆயிரம் இருந்தன, மறுக்கவில்லை. ஆனாலும் வந்து போன கைகளைவிட, கூடவே இருந்த கைகள் காப்பாற்றிய உயிர்கள் அதிகம்.

மகளை அனுப்பலாமா?

அனுப்புங்கள், அம்மா. ஆனால் அனுப்புமுன் மகளை உட்கார வைத்து நான்கு கேள்வி கேளுங்கள்.

முதலாவது: யாரோடு போகிறாய்? பதிவு பெற்ற, அந்த நாட்டு அரசாங்கத்தின் அனுமதியோடு வேலை செய்கிற அமைப்பாக இருக்க வேண்டும். டாக்டர் ஜெமிலா மாமூட் 1999இல் தொடங்கிய மெர்சி மலேசியா போன்ற அமைப்புகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. தனியாக, நண்பர் கூட்டமாக, மருந்துப் பையோடு புறப்படுவது தொண்டு ஆகாது, அங்குள்ளவர்களுக்குச் சுமையாகும்.

இரண்டாவது: உனக்கு முன்னால் அங்கே பார்த்தவர் யார், நீ திரும்பியபின் பார்க்கப்போவது யார்? இதற்குப் பதில் இல்லையென்றால் போக வேண்டாம். இரண்டு வாரம் வந்து புது மாத்திரை ஆரம்பித்துவிட்டு, மூன்றாம் வாரம் அது கிடைக்காமல் போனால், நோயாளிக்கு நீ செய்தது நன்மையா?

மூன்றாவது: யாருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாய்? நான்கு ஆண்டு அனுபவமுள்ள தாதிக்கு, இனிப்பு நீர்ப் புண்ணைக் கழுவிக் கட்டத் தெரியும். ரத்தக் கொதிப்பைச் சரியாக அளக்கத் தெரியும். அந்தக் கைத்திறனைப் பத்துத் தொண்டர்களுக்குக் கற்றுக்கொடுத்தால், அவள் திரும்பிய பின்னும் இருபது கைகள் அங்கே வேலை செய்யும். முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதைவிடப் பின்னால் நின்று தாங்குவது பெரிய தொண்டு.

நான்காவது: உன்னை நீ பார்த்துக்கொள்வாயா? தடுப்பூசி, காப்புறுதி, முறையான விடுப்பு எல்லாம் வேண்டும். நோயாளியின் சம்மதமின்றிப் படம் பிடிக்கக் கூடாது. நிறைவேற்ற முடியாத வாக்குக் கொடுக்கக் கூடாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தி வைத்தது. தாய்லாந்து–மியன்மார் எல்லையில் உள்ள அகதிகள் முகாம்களில், அந்தப் பணத்தில் நடந்த மருத்துவமனைகள் கதவடைத்தன. நுரையீரல் நோயால் ஆக்ஸிஜனை நம்பியிருந்த ஒரு மூதாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டு, சில நாட்களில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. எங்கோ ஒரு நாட்டில் போட்ட கையெழுத்து, காட்டோர முகாமில் ஒரு மூச்சை நிறுத்திவிட்டது. ஒரே கையில் தொங்கும் உயிர் இப்படித்தான். பக்கத்தில் நான்கு கைகளைப் பழக்கி வைப்பதே உண்மையான உதவி.

மாத்திரை மூட்டை வேண்டாம்

இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம்.

2004 டிசம்பர் கடல்கோளில் ஆச்சே அழிந்தபோது, உலகம் முழுவதிலிருந்தும் மருந்து குவிந்தது. இருபது லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு நாலாயிரம் டன்! பாதிக்கும் மேற்பட்டவை அந்த நாட்டில் பழக்கத்தில் இல்லாத மருந்துகள். பெரும்பாலானவற்றின் மேல் எழுதியிருந்தது அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழி. நூற்றுக்கணக்கான டன்னை அழிக்க வேண்டியதாயிற்று. அதற்கும் செலவு, அதற்கும் ஆள். நல்ல மனசோடு அனுப்பியது குப்பையாய்க் குவிந்தது.

அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாக விதி வகுத்திருக்கிறது: ஒருவருக்குக் கொடுத்து மிஞ்சிய மருந்தை இன்னொரு நாட்டுக்குத் தானமாக அனுப்பக் கூடாது. நாட்பட்ட நோய்களுக்கென்றே அந்த நிறுவனம் ஒரு மருந்துப் பெட்டி தயாரித்திருக்கிறது. பத்தாயிரம் மக்கள் கொண்ட ஊரில் இந்த நோய்க்காரர்களுக்கு மூன்று மாதத் தேவை அதில் அடங்கும். உதவ நினைத்தால் நம்பகமான அமைப்புக்குப் பணம் கொடுங்கள். பத்து வெள்ளியானாலும் மாதாமாதம் கொடுப்பது, ஒரே நாளில் நூறு கொடுத்து மறப்பதைவிட இந்த நோய்க்குப் பொருத்தம். வீட்டில் கிடக்கும் மாத்திரையை அரசாங்க மருத்துவமனை, கிளினிக் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால், அம்மா, தங்கள் கடிதத்தில் எங்களைத் திடுக்கிட வைத்தது ஒரு சொல்: "மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகள்."

இனிப்பு நீர் மாத்திரை எப்படி மிஞ்சும்? ரத்தக் கொதிப்பு மாத்திரை எப்படி மிஞ்சும்? தினமும் தின்ன வேண்டியது மிஞ்சினால், யாரோ தின்னவில்லை என்று அர்த்தம்! 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. நாடு முழுவதற்குமான கணக்கோ நூற்றுக்கு 18தான். குட்டுபாலோங்கில் குண்டுக்கும் தீக்கும் தப்பியவர்கள் ஒரு மாத்திரைக்காக மேடு ஏறுகிறார்கள். நம் வீட்டு அலமாரியிலோ மாத்திரை மூட்டையாகச் சேர்கிறது. தாயின் முதல் கேள்விக்கு மறு பாதிப் பதில் இதுதான். மகள் அங்கே போகட்டும். தாய்க்கும் நமக்கும் தொண்டு இங்கேயே காத்திருக்கிறது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அதே ரோஹிங்யா மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நம் நாட்டிலேயே ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்து வாழ்கிறார்கள். அட்டை உள்ளவருக்கு அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. அப்படியும் கட்டணத்துக்கும் பிடிபடுவோமோ என்ற அச்சத்துக்கும் ஒதுங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள். பட்டணத்தில் தொண்டு அமைப்புகள் அவர்களுக்காகக் கிளினிக் நடத்துகின்றன. பட்டணத்துப் பிள்ளைகள் கப்பலேறாமலே அங்கே கை கொடுக்கலாம்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறோம். உங்கள் வரிசையில் இனிப்பு நீரோ ரத்தக் கொதிப்போ உள்ள ஒருவரை, ஒரே ஒருவரை, உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் போய் மூன்றே மூன்று கேளுங்கள். மாத்திரை எந்தத் தேதி வரை இருக்கிறது? அடுத்த கிளினிக் என்றைக்கு? காலைக் கொஞ்சம் காட்டுங்கள், புண் ஏதும் உண்டா? "தின்னவில்லை" என்றால் திட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். தலை சுற்றுகிறது, வயிறு எரிகிறது என்பார். டாக்டரிடம் சொல்ல வெட்கம் என்பார். கிளினிக் போக வண்டி இல்லை என்பார். வண்டி இல்லையென்றால் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கை போதுமே!

கோயில் கமிட்டியும் மாதர் சங்கமும் மனசு வைத்தால், ஒரு மாதத்தில் தோட்டம் முழுவதும் கணக்கெடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு துணை வைத்துவிடலாம். வைத்தீர்களானால் எங்களுக்கு எழுதுங்கள். எத்தனை பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்றும் எழுதுங்கள். மற்றத் தோட்டங்களுக்குப் பயன்படும். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களோடு சந்திப்போம்.